பதிலளிக்க மறுத்தார்

பெர்மாஸ் ஜெயா என்ற புறநகரில் ஜொஹரா வாடகைக்கு எடுத்திருந்த கடைக்கு இன்னும் தண்ணீர் இணைப்புகூட வரவில்லை. பெயர்ப் பலகை மட்டும் மாட்டியாகிவிட்டது. ஃபிர்தௌஸ் உணவகம். அதன் கீழே அவளுடைய கைப்பேசி எண், சாலையிலிருந்தே தெரியும்படி.

அந்தப் பலகையைப் படம் எடுத்து, வேறொரு எண்ணிலிருந்து 'தென்முனை' என்ற இணையச் செய்தித்தளத்தின் ஆசிரியர் ஜெயபாலனுக்கு அனுப்பினாள். "இங்கே பிரியாணி சாப்பிட்டதில் எங்கள் குடும்பமே வாந்தி எடுத்துக் கிடக்கிறது. தயவுசெய்து என் பெயரைப் போடாதீர்கள்."

சமையல்காரர் சர்புதீனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளைப் பெற்ற அத்தாவின் கடையிலும் அவர்தான் சமைத்தார்.

"அந்த ஆளு போன் பண்ணிட்டா என்னம்மா செய்வீங்க?"

"ஒரே ஒரு போன் பண்ணட்டும், பாய். கடை இன்னும் திறக்கலன்னு சொல்லிட்டு அதோட விட்டுடறேன்."

மூன்று வருடங்களுக்கு முன் இதே 'தென்முனை'யில்தான் அத்தா நைனா முகம்மதுவின் கடையைப் பற்றிய செய்தி வந்தது. பலர் மருத்துவமனையில், உணவில் நஞ்சு. பாதிக்கப்பட்டவர்கள் சாப்பிட்டது வேறு ஊரில், வேறொரு கடையில் என்பது பிறகு தெரிந்தது. சுகாதார அதிகாரிகளும் வந்து பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் செய்தி அப்படியே கிடந்தது. வாடிக்கையாளர்கள் திரும்பவில்லை. கடையை மூடிய அத்தா வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். அடுத்த நோன்பு மாதத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

செய்தியின் கடைசி வரிதான் ஜொஹராவை அதிகம் அரித்தது. 'உரிமையாளரைத் தொடர்புகொண்டபோது பதிலளிக்க மறுத்தார்.'

"சத்தியமா யாரும் கூப்பிடலம்மா" என்றார் அத்தா.

"கூப்பிடாமலா அப்படி எழுதுவாங்க? பேசியிருந்தா தப்பிச்சிருக்கலாம்லா!" என்று அன்று அவரிடம் கத்தினாள்.

இப்போது கைப்பேசியைக் கையை விட்டு இறக்காமல் காத்திருந்தாள். குளிக்கப் போனால்கூட கதவருகே வைத்தாள். அது ஒலிக்கவில்லை.

மறுநாள் மதியம் செய்தி வந்துவிட்டது. 'பெர்மாஸ் ஜெயாவில் விஷ பிரியாணி.' அவள் அனுப்பிய படம், அவள் அனுப்பாத சில விவரங்கள். கீழே கடைசி வரி: 'உரிமையாளரைத் தொடர்புகொண்டபோது பதிலளிக்க மறுத்தார்.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அத்தா பொய் சொல்லவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மற்ற பத்திரிகைகளுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டாள்.

நிருபர்கள் நேரலைக் கேமராக்களோடு வந்தார்கள். ஜொஹரா ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே சிமெண்டுத் தூசி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள், பெட்டிக்குள்ளேயே இருந்த அடுப்பு.

"இந்தக் கடையில இன்னும் ஒரு டம்ளர் தண்ணிகூட கொதிக்க வைக்கல. அந்தத் தகவல அனுப்புனது நான்தான்."

ஷாந்தினி என்ற நிருபர் கேட்டாள்: "நீங்க பொய்த் தகவல் அனுப்பினது சரியாக்கா?"

"சரியில்ல. அதையும் எழுதுங்க. ஆனா நீங்க என்கிட்ட கேட்டுட்டு எழுதறீங்க பாருங்க."

நேரலையில் பார்த்துவிட்டு ஜெயபாலனே காரில் வந்து இறங்கினார். முகம் வேர்த்திருந்தது.

"என்னம்மா, பொய்த் தகவல் அனுப்பி மாட்டிவிடறீங்களா? கேஸ் போடுவேன்!"

"போடுங்க. கோர்ட்டுல என்னை எந்த நம்பர்ல கூப்பிட்டீங்கன்னு கேப்பாங்க. சொல்லுங்க."

அவர் கேமராக்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தச் செய்திய இப்பவே எடுத்துடறேன். பேசி முடிச்சுக்குவோம்."

"நைனா முகம்மதுவ ஞாபகம் இருக்கா?"

"யாரு?"

உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. அதைக் கண்டபோதுதான் ஜொஹராவுக்கு முழுக் கோபமும் வந்தது.

"என் அத்தா. அவரப் பத்தி நீங்க எழுதுனது இன்னும் இருக்கு. மொதல்ல போய் அதப் படிங்க."

'தென்முனை'க்கு விளம்பரம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் சின்னக் கடைக்காரர்கள். நாளைக்குத் தங்கள் கடையைப் பற்றியும் இப்படி எழுதலாம் என்று பயந்தோ என்னவோ, ஒவ்வொருவராக விலகினார்கள். சில வாரங்களில் தளம் முடங்கியது. ஜெயபாலன் பழைய செய்திக்கு நீளமான மன்னிப்பு எழுதிவிட்டுத்தான் போனார். அவர் இப்போது வேலை தேடி அலைவதாக யாரோ சொன்னபோது, எங்கே, எப்படி என்று ஜொஹரா விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

கடையின் பெயரை மாற்றிவிடலாம் என்று சர்புதீன் சொன்னதை அவள் ஏற்கவில்லை. கடை திறந்த வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவுதான். கல்லாவின் முன்னால் நின்ற ஒருவர் தயங்கினார்.

"தங்கச்சி, பிரியாணில பிரச்சினைன்னு வந்துச்சே, அது இந்தக் கடைதானே?"

"ஆமாண்ணே. உள்ள வந்து அடுப்படியப் பாத்துட்டு வாங்க."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பிரியாணி கட்டச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற பெண், பேச்சைக் கேட்டதுமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டாள்.