ஐந்தாவது பாட்டின் லீட்

இரும்புலியூரில் ஏகநாதன் வீட்டு மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. ஐந்தாவது பாட்டின் லீடை, கிட்டார் தனித்து முன்னால் வரும் பகுதியை, வாசித்துக்கொண்டே வந்த ஷெர்வின், இருபத்திரண்டாவது தடவையாக அதே இடத்தில் நின்றான்.

ஒன்றரை நிமிட லீட். நாற்பதாவது நொடியில் விரல்கள் கிட்டாரின் கழுத்தில் ஒரே ஓட்டமாக இறங்கி வர வேண்டும். அங்கே வந்ததும் இடது கை மோதிர விரல் கம்பியை விட்டுவிட்டு உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். வலி கிடையாது. சட்டைப் பொத்தான் போட்டால், பைக்கில் கிளட்ச் பிடித்தால் சொன்னபடி கேட்கிற விரல்தான். கிட்டாரைத் தொட்டால் மட்டும் கேட்காது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஏகநாதனுக்கு இது தெரியாது. அவன் டிரம்மர். வீடும் அவனுடையது, ரெக்கார்டிங்கும் அவன் பொறுப்பு. டிரம்ஸ் முடிந்துவிட்டது. வினிதா பேஸ் கிட்டார் வாசித்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. இரண்டாவது கிட்டாரான பாலுவின் பங்கும் முடிந்து, அவன் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். முதல் நான்கு பாட்டின் லீடை ஜனவரியிலேயே எடுத்துவிட்டார்கள். மீதி நான்கு பாட்டின் லீடுக்காகத்தான் செப்டம்பர் வரைக்கும் மொத்த ஆல்பமும் நின்றுகொண்டிருந்தது.

"இன்னா மச்சான், காலைல சர்ச்சுலயே ஃபுல்லா வாசிச்சி தீத்துட்டியா?" என்றான் ஏகநாதன். "மெதுவாவே வாசி. நான் ஸ்பீடு ஏத்திக்கிறேன். எவனுக்குத் தெரியப்போவுது?"

ஷெர்வின் தலையை ஆட்டி மறுத்தான்.

மறுத்ததற்குக் காரணம் இருந்தது. 'இரும்புலி' என்ற இந்த பேண்டின் முதல் ஆல்பத்துக்கு 'உப்புத்தோல்' என்று பெயர். பின்னட்டையில் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்கள்: லீட் எல்லாம் ஒரே டேக், வெட்டு ஒட்டு இல்லை. அந்த வரியால்தான் ஊர் திரும்பிப் பார்த்தது. ஷெர்வினின் இடது கையை மட்டும் வீடியோவாக எடுத்துப் போட்டபோது பெங்களூரிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒருத்தன் வாசிக்கிறானா என்று கேட்டார்கள். ஷெர்வினுக்கு அந்த வரி கிட்டத்தட்ட ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது ஆல்பத்திலும் அதே வரி வரப்போகிறது என்று அவனே எழுதி அறிவித்துவிட்டான்.

விரல் விஷயத்தை அவன் பிப்ரவரியில் பாலுவிடம் மட்டும் சொன்னான். பாலு பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஈரத்தோலை இழுத்துச் சட்டத்தில் கிளிப் மாட்டுகிறவன். பதினேழு வயதிலிருந்து அதே வேலை. காலையில் போனதும் விரல் மடங்காது. இருபது தோல் இழுத்த பிறகு தானாக வழிக்கு வரும். வராத நாளில் இன்னும் இருபது இழுப்பான். கை என்பது அவனுக்கு அவ்வளவுதான். அதையே ஷெர்வினுக்கும் சொன்னான். சும்மா விட்டால் விரல் சோம்பேறியாகிவிடும், தடித்த கம்பி மாட்டு, நேரத்தைக் கூட்டு, அடங்குகிற வரைக்கும் வேலை வாங்கு என்றான்.

ஷெர்வின் கேட்டுக்கொண்டான். நாளுக்கு எட்டு மணி நேரம், ஏழு மாதம். தாளம் தட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு அதே இறக்கத்தை ஆயிரக்கணக்கான தடவை வாசித்தான். மோதிர விரலைப் பார்த்துச் சுண்டு விரலும் மடங்க ஆரம்பித்தபோதுதான் பயந்துபோனான்.

மூன்று நாளுக்கு முன்பு, வியாழக்கிழமை, ஷெர்வின் குரோம்பேட்டையில் நரம்பு டாக்டரிடம் போனான். பாலு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான். அந்த டாக்டரம்மா ஒரு கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். கோளாறு விரலில் இல்லை, மூளையில் என்றார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் எந்த விரலுக்கு எந்த உத்தரவு என்று மூளைக்குக் குழம்பிவிட்டது. ஆரம்பத்திலேயே நிறுத்தியிருந்தால் திரும்ப வர நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அழுத்தி அழுத்திப் பழகியதில் அது படிந்துவிட்டது. இனி ஒரு வருடமாவது கிட்டாரைத் தொடாமல் இருக்க வேண்டும். அப்புறமும் உறுதி சொல்ல முடியாது. இவ்வளவு பழகச் சொன்னது யார் என்று அவர் கேட்டார். நானாத்தான் டாக்டர் என்றான் ஷெர்வின். பாலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியும், ஒரு தடவையாவது வந்துவிடாதா என்றுதான் ஷெர்வின் இன்று கிட்டாரை எடுத்தான்.

இப்போது ஷெர்வின் கிட்டாரை மடியில் படுக்கவைத்தான். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஏகநாதனிடம் சொன்னான். பாலு சொன்ன யோசனையை மட்டும் விட்டுவிட்டான். ஏகநாதன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கோபப்பட்டான். அப்புறம் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரோட்டுச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் சொருகியிருந்த மெத்தையைச் சரிசெய்தான்.

"பாலு வாசிக்கட்டும்," என்றான் ஷெர்வின்.

"நானு செகண்ட் கிட்டாருடா," என்றான் பாலு.

"உனக்கு முழுசா வரும். போன மாசம் உன் வீட்டுப் படிக்கட்டுல ஏறும்போது கேட்டேன். ஆம்ப் ஸ்பீக்கர் போடாம வாசிச்சுட்டு இருந்த. நான் கதவைத் தட்டாம திரும்பிப் போயிட்டேன்."

பாலு விரலில் இருந்த சாயக்கறையைத் தேய்த்தான்.

"எப்பலேர்ந்து பழகுற?"

"மார்ச்."

"நான் விரலைப் பத்தி உன்கிட்ட சொன்னது பிப்ரவரி."

ஏகநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கீழே ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"தெரிஞ்சேதான் சொன்னியா பாலு?" என்றான் ஷெர்வின்.

"இல்ல மச்சான். என் கைக்கு இன்னா செஞ்சனோ அதத்தான் உனுக்கும் சொன்னேன். சத்தியமா."

அது பொய் இல்லை. ஆனால் மார்ச்சில் ஒரு நாள், கம்பெனி விட்டு வந்து குளித்து, சாப்பிடாமல் கிட்டாரை எடுத்து அந்த லீடின் முதல் வரியைத் தேடிப்பிடித்தபோது, ஷெர்வினுக்கு வராமல் போனால் என்ன என்ற எண்ணம் ஓடியதும் உண்மை. பேண்டுக்கு ஒரு ஆபத்து வந்தால் கைகொடுக்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஏழு மாதமும் ஷெர்வின் எட்டு மணி நேரம் பழகியதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு நாள்கூட போதும் என்று சொல்லவில்லை.

ஷெர்வின் எழுந்து தன் கிட்டாரை நீட்டினான். பாலு தன்னுடையதையே எடுத்து மாட்டிக்கொண்டான்.

முதல் டேக்கில் தொடக்கமே தடுக்கியது. இரண்டாவதில் நாற்பதாவது நொடியைத் தாண்டிவிட்டான், ஆனால் கடைசியில் அவசரப்பட்டான். ஷெர்வின் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான். பதினைந்தாவது ஃப்ரெட் கட்டத்தில் வரும் கம்பி இழுவையை இவ்வளவு நேரம் பிடிக்காதே, நீ தோல் இழுக்கிற மாதிரி இழுக்கிறாய் என்றான். கேலியா திட்டா என்று பாலுவுக்குப் புரியவில்லை. மூன்றாவது டேக் தொடங்கியது. ஒன்றரை நிமிடமும் பாலு எதிரே இருந்த முகத்தைப் பார்க்காமல் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு வாசித்தான். காய்த்துப்போன, சாயக்கறை போகாத நான்கு விரல்களும் அததற்கு உரிய இடத்தில் விழுந்தன. இறங்கி முடித்தபோது அவனுக்குள் எழுந்தது சந்தோஷம்தான். அதை மறைக்கக் குனிந்து ஆம்ப்பின் குமிழைத் திருகினான்.

ஏகநாதன் திரும்ப ஓடவிட்டுக் கேட்டான். அச்சு அசல் ஷெர்வின் என்றான். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஷெர்வின் பேரே இருக்கட்டும். ஒரே டேக் என்பதும் உண்மைதானே, அந்த வரியும் இருக்கட்டும். ஆளை மாற்றினால் கேட்கிறவன் முதலில் ஏன் என்றுதான் கேட்பான். அப்புறம் ஆல்பத்தை எவனும் கேட்கமாட்டான்.

"பாலு சொல்லட்டும்," என்றான் ஷெர்வின்.

தன் பெயர் வேண்டாம் என்று பாலு சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் வியாழக்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடப்பது கொஞ்சம் இறங்கலாம். ஷெர்வினும் அதைத்தான் எதிர்பார்க்கிறானோ என்னவோ.

"என் பேரப் போடு," என்றான் பாலு.

ஏகநாதன் ஷெர்வினைப் பார்த்தான். ஷெர்வின் சரி என்று தலையசைத்தான். ஏகநாதன் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினான்.

"ஆறாவது பாட்டும் தெரியுமா?" என்று ஷெர்வின் கேட்டான்.

"தெரியும்."

"ஏழாவது?"

"அதுவும்."

எட்டாவதைப் பற்றி ஷெர்வின் கேட்கவில்லை. எழுந்து, தன் நாற்காலியைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் பாலு உட்கார இடம் விட்டான்.