புகை வந்த காடுகள்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஓட்டுகிறவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எந்த விவசாயக் காட்டில் தண்ணீர் வராமல் வெறும் பாறைத்தூள் புகையாகப் பறந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. புகை வந்த குழிக்கு மூடி போட்டு மண்ணைத் தள்ளிவிட்டால் அதோடு சரி, வண்டிக்காரர் வாய் திறக்கமாட்டார். திறந்தால் அந்தக் காட்டுக்கு மதிப்புப் போய்விடும். அந்த வண்டியை மறுபடி யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

அந்த வாய்களைக் கல்லூரியில் படிக்கும் தமிழினிக்காகத் திறக்க வைத்தவர் அவள் அப்பா செங்கோடன். அவரும் வண்டிக்காரர்தான். "ஊர் பேரு, ஆள் பேரு எதுவும் வெளிய வராதுங்க. எம்புள்ளைக்கு நான் பொறுப்பு" என்று பட்டறை பட்டறையாகப் போய்ச் சொன்னார். மல்லசமுத்திரம் வண்டிக்காரர் மயில்சாமி தன் அக்கா குப்பாயி தோட்டத்தில் புகை வந்த கதையைக்கூடச் சொல்லிவிட்டார்.

எல்லாம் கல்லூரியில் நடக்கப்போகும் குவாண்டம் ஹேக்கத்தான் என்ற கணினிப் போட்டிக்காக. போர் போடும் முன்பே, இங்கே புகைதான் வரும் என்று சொல்லிவிடும் கணினி மாடல் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது தமிழினியின் ஆசை. கூட்டாளி பூபதி. முதலாண்டிலிருந்து ஒரே பெஞ்ச், சாப்பிடுவது அவள் டிபன் பாக்ஸில். குழியின் ஆழம், பாறை, பக்கத்துக் கிணற்றின் தூரம் எல்லாவற்றையும் குவாண்டம் கணினிக்குப் புரியும் க்யூபிட்டுகளின் கோணங்களாக மாற்றி, எங்கேயோ இருக்கும் அந்தக் கணினிக்கு அனுப்பிவிட்டு, ரேஷன் கடையில் நிற்பதுபோல் அதன் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். வண்டிக்கு வைப்பதுபோல லேப்டாப்புக்கும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தான் பூபதி. அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பெயர்களை எடுத்துவிட்டு எண்களைத்தான் அவள் ஏற்றியிருந்தாள். "எது எந்தக் காடுன்னு தெரிஞ்சாத்தானே மாடல் எங்க தப்புப் பண்ணுதுன்னு பார்க்க முடியும்?" என்றான் பூபதி.

"யாருகிட்டயும் காட்டீராத."

"எங்கிட்டயே இதச் சொல்றியா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டாள்.

போட்டியன்று செங்கோடன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தமிழினி நன்றாகவே பேசினாள். சேலத்திலிருந்து வந்திருந்த நடுவர் சுவாமிநாதன், "இந்த டேட்டா உண்மைன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் பூபதி முந்திக்கொண்டு ஒரு பொத்தானைத் தட்டினான்.

திரையில் வரைபடம் விரிந்தது. ஊர் ஊராகச் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர். 'மல்லசமுத்திரம், குப்பாயி தோட்டம், புகை.'

"டேய், அது எங்க பெரியப்பா காடுடா!" என்று யாரோ ஒருவன் கத்தினான். அரங்கில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். படம் பிடித்து ஊருக்கு அனுப்பச் செல்போன்கள் உயர்ந்தன.

தமிழினி வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவசரத்தில் வரைந்தது அல்ல அது. வண்ணம், எழுத்து எல்லாம் அத்தனை நேர்த்தி. ஆற அமர உட்கார்ந்து செய்திருக்கிறான். அவள் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றுகொண்டே செய்திருக்கிறான். பாவி, துரோகி என்று நெஞ்சு கொதித்தது.

மேடையை விட்டு இறங்கும்போது, "ஜட்ஜ் மூஞ்சியப் பார்த்தியா? பரிசு நமக்குத்தான் புள்ள" என்றான் அவன். அவள் அவனைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள்.

செங்கோடன் வண்டி நிறுத்தத்தில் நின்றிருந்தார். கையில் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. மயில்சாமி. அவர் எடுக்கவில்லை.

"நான் காட்டலீங்கப்பா. அவந்தானுங்க..."

"பார்த்துட்டுத்தான இருந்தேன் சாமி. அவனுக்கு யாரு குடுத்தது?"

"நாந்தானுங்க. அவன நம்பி..."

"மயிலும் என்னைய நம்பித்தான் சொன்னான்."

மணி நின்று, மறுபடி அடித்தது. உள்ளே ஒலிபெருக்கியில் முதல் பரிசுக்குத் தமிழினி, பூபதி என்று பெயர் வாசித்தார்கள். கைதட்டல் வெளியே வரை கேட்டது. செங்கோடன் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் கத்தியதை எல்லாம் கேட்டு முடித்தார்.

"ஆமா மயிலு, எம்புள்ளதான்" என்றார். "இனிமே எங்கிட்ட எதையும் சொல்லாத."