குளியலறைக்குள் ஒரு புகைக்குமிழி

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் போதும், சோறு தண்ணி இறங்காது. ஐஸ்கிரீம் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் புருஷன் சில நாளாகத் தெர்மோகோல் பெட்டியோடு வீட்டுக்கு வருகிறான். வந்த கையோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறான். வெளியே வரும்போது ஆள்மேல் ஷாம்பு வாசனை, தலையோ காய்ந்து கிடக்கிறது! விரல் நுனியில் கொப்புளம் வேறு. கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு" என்கிறான். ஒன்றுமில்லாததற்கு எதற்காம் இத்தனை மழுப்பல்?

"எவளோ ஒருத்தி இருக்காக்கா," என்று போனில் அக்காவிடம் புலம்பினாள்.

"குளிக்கிற ரூமுக்குள்ளயா?" என்று அக்கா சிரித்துத் தொலைத்தாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலை அவன் உள்ளே போனதும், சத்தமில்லாமல் வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளே குபுகுபுவென்று ஏதோ பொங்கியது. "ச்சே, உடைஞ்சிருச்சே" என்று முணுமுணுப்பு. யாரோடு பேச்சு?

"யாருங்க அவ? சொன்னாத்தான் கதவு திறக்கும்."

"எவ? ஏய், விளையாடாத. உள்ள டிரை ஐஸ் இருக்கு. உள்தாழ எடுத்துட்டேன், மூச்சு முட்டுது, திற."

"ஆகா, என்னமா நடிக்கிறீங்க! ஜன்னலைத் திறங்க."

"புகை வெளிய தெரியக்கூடாதுன்னு துணிய வச்சு அடைச்சுட்டேன்... இப்ப கை எட்டல... தலை சுத்துது..."

ஆள் வசமாக மாட்டினான் என்றே நினைத்தாள் மகராசி. கையும் களவுமாகப் பிடிக்கத் தரையில் படுத்து, கதவிடுக்கில் முகத்தை வைத்தாள். சில்லென்ற வெள்ளைப் புகை முகத்தில் வழிந்தது. சோடாவை மடமடவென்று குடித்ததுபோல் மூக்கு சுள்ளென்றது. எவ்வளவு இழுத்தும் காற்று போதவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது. ஐயோ, நிஜம்தானா! பதறி எழுந்து தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவோரம் சரிந்து கிடந்தான். அக்குளில் கைகொடுத்துக் கூடத்துக்கு இழுத்துவந்து, இருக்கிற கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். அப்பாடா, மூச்சு இருந்தது. குளியலறை வாளியில் ஷாம்பு நுரை இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது.

பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆனது. "நம்ம பாப்பா பொறந்தநாளுக்குத்தான். ஐஸ்கிரீம் உருகாம வைக்கிற அந்த டிரை ஐஸ சுடுதண்ணில போட்டு, வாளி விளிம்புல ஷாம்புல நனைச்ச துணிய இழுத்தா, புகை நெறஞ்ச பெரிய குமிழி வரும். எதத் தொட்டாலும் சொதப்புவேன்னு நீ சிரிப்பல்ல, அதான் ஒளிஞ்சு பழகுனேன். விரல்ல கொப்புளமும் அந்த ஐஸ் சுட்டதுதான். கம்பெனில கதவத் திறந்து ஃபேன் போடாம அந்தப் பெட்டியத் தொடவே மாட்டோம். அதுலேருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு காத்தவிட கனம், கீழயே தேங்கும். தெரிஞ்சே ஜன்னல அடைச்சேன் பாரு, என் புத்தி."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "மன்னிச்சிருங்க."

"ஒண்ணு மட்டும் சொல்லு. மூச்சு முட்டுதுன்னு நான் கத்துனப்ப, உனக்கு நடிப்பாவா தெரிஞ்சுது?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை.

"ஆமாங்க."

அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்துபோய் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தான்.