ஓர் ஆள் படுக்கும் பை

டென்ட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் நேரம் வந்தால் சத்யப்ரியா செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வாள்.

பறவை பார்க்கப் போகும் அந்தக் குழுவில் அவளோடு சேர்த்து ஏழு பேர். ஜூடும் ஜெனியும் கணவன் மனைவி, மிஷன் பள்ளி ஆசிரியர்கள், குழுவைத் தொடங்கியவர்கள். மற்ற நால்வரும் கல்லூரிக் காலத்திலிருந்தே சிநேகிதிகள். இரண்டிரண்டு பேர் படுக்கும் டென்ட்டுகள் மூன்று இருந்தன. "சத்யாக்கா யார்கூடயாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கிருவாங்க" என்பாள் ஜெனி. யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஆனால் அந்த யார் என்பதற்கு உடனே ஒரு பெயரும் வருவதில்லை. போன முறை இரண்டு சிநேகிதிகளுக்கு நடுவில் அவளைப் படுக்க வைத்தார்கள். தூக்கம் வரும்வரை இருவரும் அவளைத் தாண்டித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த தடவ எனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டு வாரேன் ஜெனி" என்றாள் மறுநாள் காலையில்.

"அதெல்லாம் எதுக்குக்கா?" என்றாள் ஜெனி. என்றாலும் அவள் முகம் லேசானதை சத்யப்ரியா கவனித்தாள்.

சத்யப்ரியாவுக்கு நாற்பத்து நாலு வயது. பழங்காநத்தத்தில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறாள். அம்மா அன்னக்கொடி பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த அத்தனை வருடமும் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. அம்மாவுக்கு எப்போதும் குளிரும். சன்னலைத் திறக்க விடமாட்டாள். தம்பி சோலை திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வருவான், போவான். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் படுத்தால் சத்யப்ரியாவால் கண் மூட முடியவில்லை. சமைக்கும்போது பேச்சுச் சத்தம் வேண்டுமென்று டிவியைப் போட்டுவைப்பாள். படுக்கும்போது அதையும் அணைத்தாக வேண்டும். வெட்டவெளியில் மட்டும், என்ன காரணமோ, படுத்ததும் தூங்கிப் போனாள். அதற்காகவே குழுவோடு போனாள். பறவைகளின் பெயர்களெல்லாம் பிறகுதான் பழகின.

டென்ட் இல்லாமல் ஓர் ஆள் மட்டும் உள்ளே நுழைந்து படுக்கிற பை ஒன்று உண்டு, பிவி பேக் என்பார்கள் என்று போனில் தேடித் தெரிந்துகொண்டாள். கண்ணில் பட்ட முதல் பையை வரவழைத்தாள். வெளியே ஆரஞ்சு, உள்ளே வெள்ளிக் காகிதம் போலப் பளபளப்பு. அடுத்த பயணத்தில் அதற்குள் படுத்து விடியலில் எழுந்தபோது சுடிதார் முதுகோடு ஒட்டியிருந்தது. போர்வையைப் பிழிந்தால் சொட்டும் போலிருந்தது.

"பனி உள்ள எறங்கிருச்சு" என்றாள், பல் நடுங்க.

ஜூடு பையைத் திருப்பித் தடவிப் பார்த்தான். "இது வெளிய இருந்து வந்த தண்ணி இல்லக்கா. உங்க மூச்சும் வேர்வையும்தான். போக வழியில்லாம உங்க மேலயே நின்னுருக்கு. மழைய உள்ள விடாத துணியா இருக்கணும், ஆனா ஆவிய வெளிய விடணும். அப்படிப் பாத்து வாங்குங்க."

அவன் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டான். மூடிய சன்னலுக்குள் கழிந்த வருடங்கள் சத்யப்ரியாவின் நினைவுக்கு வந்தன. ஈரத்தோடு வெயில் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

இந்த முறை கண்ணால் பார்த்து, தொட்டு வாங்குவது என்று முடிவுசெய்தாள். டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில், மழைக்கோட்டும் தோள்பையும் டென்ட்டும் விற்கிற ஒடுக்கமான கடை ஒன்று இருந்தது. முதலாளி முத்துக்குமரனைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை.

"எத்தன பேருக்கு மேடம்?"

"ஒரு ஆளுக்கு. டென்ட் இல்லண்ணே, உள்ள நொழஞ்சு படுக்கிற பை."

"ரெண்டு பேர் டென்ட் தாரேன், எடுத்துக்கங்க. நாளைக்கு யாராச்சும் கூட வந்தாலும் ஆகும்."

"யாரும் வரமாட்டாங்க."

விலை கேட்கிற குரலில்தான் அதைச் சொன்னாள். முத்துக்குமரன் மேல்தட்டிலிருந்து மூன்று பைகளை எடுத்துப் போட்டான். ஒன்று அவள் ஏற்கெனவே வாங்கி ஏமாந்த ஆரஞ்சு. இரண்டாவது பச்சை; கனம்; ரப்பர் வாடை அடித்தது. மூன்றாவது சாம்பல் நிறத்தில் மெல்லியதாக, முகம் வரும் இடத்தில் கொசுவலை தைத்து இருந்தது.

"எல்லாமே காத்து போகும்னு அட்டையில போட்டுருக்கான் மேடம்."

"அட்டையில போட்டுருந்ததத்தான் போன தடவையும் நம்பினேன்" என்றவள், "டீ கெடைக்குமாண்ணே? நல்ல சூடா" என்று கேட்டாள்.

டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. ஆரஞ்சுப் பையின் துணியைத் தம்ளர் வாயில் இறுக்கிப் பிடித்து, அதற்கு மேல் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். சிறிது நேரம் பார்த்தார்கள். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. துணியைத் தூக்கினால் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பச்சையும் அப்படியே. சாம்பல் துணியைப் பிடித்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்ணாடியில் ஓர் ஓரமாக மூட்டம் படிந்தது. மெல்லப் பரவி முழுவதும் வெளுத்துப்போனது.

"பரவாயில்லயே" என்றான் முத்துக்குமரன். தானே ஒரு கை தண்ணீரை எடுத்து அந்தத் துணியின் மேல்பக்கம் விட்டுப் பார்த்தான். உருண்டு ஓடியது. உள்ளே நனையவில்லை.

"நீளம் பத்துமான்னு பாக்கணும்."

"அளவு எழுதியிருக்கும் மேடம்."

"படுத்துப் பாத்துரவா?"

அவன் தயங்கினான். பிறகு ஸ்டூலை நகர்த்தி, தரையில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டான். சத்யப்ரியா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு பைக்குள் கால் விட்டுப் படுத்தாள். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, வலையை முகத்தின் மேல் விட்டாள். கால் விரலுக்குக் கீழே இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. வலை வழியாகக் கடையின் மின்விசிறி மங்கலாகச் சுற்றியது. கீழே தெருவில் பஸ் ஆரன்கள் தூரத்தில் கேட்பதுபோல் கேட்டன.

எழுந்திருக்கலாம். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. இத்தனை வருடமும் ஒருத்தி படுத்திருக்க, இவள்தான் பக்கத்தில் நின்றிருக்கிறாள். தண்ணீர் வேண்டுமா, புரட்டிப் படுக்க வைக்கட்டுமா என்று இவள்தான் கேட்டிருக்கிறாள். இப்போது இவள் படுத்திருக்க, ஒரு மனிதர் காத்துக்கொண்டு நிற்கிறார். வியாபாரத்துக்காகத்தான். இருந்தாலும் நிற்கிறார். கண்ணோரம் சூடாக வழிந்து காதுக்குள் போனது.

"மேடம்?" என்றான் முத்துக்குமரன். "மூச்சு முட்டலையே?"

"இல்லண்ணே. இதையே எடுத்துக்கிறேன்."

பிப்ரவரிப் பயணம் கொட்டாம்பட்டிக்கு என்று முடிவாகியிருந்தது. கிளம்ப வேண்டிய சனிக்கிழமை காலை, ஜெனியின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பயணம் ரத்து என்று குழுவில் செய்தி வந்தது. சத்யப்ரியா கட்டிவைத்த பையைப் பார்த்தபடி நின்றாள். அன்று மதியம் தனியாக பஸ் ஏறிவிட்டாள்.

குழு வழக்கமாகத் தங்குவது முத்துக்கருப்பனின் மாந்தோப்பை ஒட்டிய பாறை ஓரத்தில். தோப்புக்குள்ளேயே அவர் வீடு. அவர் மனைவி ராமக்காள் இவளுக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"மத்தவுகள்லாம் எங்க தாயி?"

"இந்தத் தடவ வரல மதினி. நான் மட்டுந்தான்."

"அப்ப வீட்டுக்குள்ள படு. பொம்பளப் பிள்ள தனியா பாறையில கெடப்பியாக்கும்?"

"கூப்பிடு தூரந்தான மதினி? வெளியதான் எனக்குத் தூக்கம் வருது."

ராமக்காள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வாசல் விளக்கை அணைக்காமல் விட்டாள். அவர்கள் வீட்டு நாய் வந்து பையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பக்கவாட்டுப் புதரில் ஒரு பக்கிக்குருவி, கூழாங்கல்லைப் பாறையில் தட்டிவிட்டதுபோல் டொக் டொக்கென்று கூவியது. பெயரைச் சொல்லிக் காட்ட அருகில் யாரும் இல்லை. சத்யப்ரியா தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு தூங்கிப்போனாள்.

விடிந்தபோது பையின் மேல்பக்கம் பனியில் நனைந்து பளபளத்தது. பயந்துகொண்டே கையை உள்ளே விட்டுத் துழாவினாள். போர்வை காய்ந்து கிடந்தது. முதுகு காய்ந்திருந்தது. தலைமாட்டில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு லேசான ஈரம். எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். உடனே இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஜெனி ஆஸ்பத்திரியில் இருப்பாள். சோலைக்கு இது என்னவென்றே புரியாது. பில்லின் அடியில் இருந்த எண்ணைத் தேடி எடுத்து, கடை திறக்கும் நேரம்வரை காத்திருந்து போன் செய்தாள்.

"மேடம், சாமான்ல எதுவும் கோளாறா?" என்றான் முத்துக்குமரன். "திருப்பிக் குடுக்கணுமா?"

"இல்லண்ணே. நல்ல பனி. உள்ள நனையல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."



"இம்புட்டு வருசமா விக்கிறேன் மேடம். நனைஞ்சிருச்சுன்னு கூப்பிட்டுருக்காங்க. நனையலன்னு யாரும் கூப்பிட்டதில்ல." பிறகு, "தனியாவா இருந்தீங்க?" என்று கேட்டான்.

"ஆமா."

"சரிங்க மேடம். பாத்து இருங்க." கடைக்குள் யாரோ விலை கேட்கும் சத்தம் வந்தது. போன் நின்றது.

வெயில் ஏறியதும் பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாறையில் காயப்போட்டாள். ராமக்காள் தூக்குவாளியில் கூழும் இரண்டு மோர்மிளகாயும் கொண்டுவந்து கொடுத்து, "எந்த பஸ்ஸுக்குப் போற?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் போறேனே மதினி. இன்னைக்கும் இருந்துக்கிறவா?"

"இரு. உன்ன யாரு வெரட்டுனா? வீட்டுல தேடமாட்டாகளா?"

சத்யப்ரியா போனை எடுத்தாள். நாளைக்கு லீவு என்று கடை மேனேஜருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். வேறு யாருக்கு அனுப்ப வேண்டும் என்று யோசித்தாள். ஒருவரும் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டுக் கூழைக் குடிக்கத் தொடங்கினாள்.