நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே பதில்

கேட்டிருக்கலாம், அப்பா ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், நீதானே எழுதினாய் என்று, கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்... தூங்கவில்லை, தூங்கினால் குறட்டை வரும், இப்போது தகரத்தில் விழுகிற மழைச் சத்தம் மட்டும்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும், அதனால்தான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்கள் பள்ளத்துக்கென்றே மேட்டில் வைத்த சின்ன டிவி கோபுரம், அரசு சேனலை மட்டும் அனுப்புவது, அப்பா அங்கே பதினோரு வருடமாக ஒப்பந்த வாட்ச்மேன். சாயந்திரம் வந்ததும் அம்மாவிடம், "ஆடி மாசத்தோட டவர மூடுறாங்களாம் தெய்வம்மா. நம்ம லைன்ல நாப்பத்திரண்டு வீட்லயும் யாருமே பாக்குறதில்லன்னு சர்வேல வந்திருக்காம். பாக்காத டிவிக்கு கவர்மெண்டு எதுக்குப் பணம் குடுக்கணும்ங்கிறாங்க" என்றார். "அப்ப நம்ம வீட்ல தெனமும் நியூஸ் பாக்குறது பேயா?" என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "நம்ம வீட்டு ஃபாரத்துலயும் இல்லன்னுதான் போட்டிருக்காம்."

போன மாதம் டவுனிலிருந்து சர்வேக்கு வந்தது பிரிஸில்லா அக்கா, அன்று அப்பா கோபுரத்தில் இருந்தார். எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும், எல்லாருக்கும் நான்தான் எழுதுவேன், அப்பாவுக்கு அது தெரியாதா என்ன... கேள்வி இரண்டுதான், அரசு டிவி பார்க்கிறீர்களா, அதற்காக மாதம் ஐந்து ரூபாய் தரச் சம்மதமா. இரண்டாவதைப் படித்ததுமே பக்கத்து வீட்டு சுப்பம்மா அத்தை பதறினார், "சம்மதம்னு கையெழுத்து வெச்சா சம்பளத்துல புடிச்சிருவானுங்கடி, கோயில் நிதிய அப்பிடித்தான புடிச்சானுங்க. இல்லன்னு போடு சுமலதா." எஸ்டேட்டில் கையெழுத்து என்றாலே பிடித்தம்தான், அம்மாவும் போடு என்றாள், எல்லாரும் போடு என்றார்கள், போட்டேன். நாங்கள் தராவிட்டால் வேறு யார் தருவார்கள், கொழுந்து பறிக்கிற நாற்பத்திரண்டு வீட்டை நம்பி எந்தக் கம்பெனி விளம்பரம் தரும், அப்பாவின் சம்பளம் எங்கிருந்து வருகிறது, இதெல்லாம் அன்றைக்கு ஏன் தோன்றவில்லை... மழை மாதிரி அதுவாக வரும் என்று நினைத்துவிட்டேனா?

அத்தை சொன்னாங்க, அம்மா சொன்னாங்க என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் சொன்னது இரண்டாவது கேள்விக்கு... முதல் கேள்வியை நான் யாருக்கும் படித்தே காட்டவில்லை, நானாகவே எல்லா ஃபாரத்திலும் இல்லை என்று எழுதிவிட்டேன். ஏன் படிக்கவில்லை? ஃபாரங்களைக் கையில் கொடுக்கும்போது பிரிஸில்லா அக்கா எங்கள் கூரை மேலிருந்த ஆன்டெனாவைப் பார்த்து, "இன்னும் இதெல்லாம் பாக்குறீங்களாம்மா?" என்றார், கேலியாகக்கூட இல்லை, சும்மா. "சேச்சே, இல்லக்கா, எல்லாம் போன்லதான்" என்று சொன்னது யாரும் சொல்லிக் கொடுத்து அல்ல.