பாட்டிலின் நிழல்

எனக்கு மனிதர்களையே பிடிக்காது என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் இல்லை. வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவளை வழிமறித்து "இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்பவர்களை மட்டும்தான் பிடிக்காது. நான் ஜோசியக்காரியா? அளப்பவள். காலையில் போய் முற்றத்து வெள்ளை மரக்கூண்டைத் திறந்து வெப்பமானியைப் பார்ப்பேன், மழைமானியில் விழுந்ததை அளப்பேன், தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். பெரும்பாலும் நேற்று இருந்ததுதான் இன்றும் இருக்கும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டே பருவம்தான். ஒன்று வெயில், இன்னொன்று மழை பெய்து ஓய்ந்த வெயில்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டில் வாய் திறப்பது மின்விசிறி ஒன்றுதான். அதுவும் ஒரே பல்லவியைப் பாடும். சில நாள் டிவியில் செய்தி வாசிப்பவரிடம் நானே பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இருப்பது ஒரே மகன். துரை என்றுதான் கூப்பிடுவேன், பெயர் அதில்லை. பள்ளிக்கூட நாளிலேயே இஸ்திரி போடாத சட்டையைத் தொடமாட்டான், அந்த மிடுக்குக்கு வைத்த பட்டம். கடல் தாண்டி ஒரு துறைமுக ஊரில் அவனுக்கு வேலை கிடைத்தபோது நான் செய்த முதல் காரியம், அட்லஸை விரித்து எங்கள் ஊர்மேல் போகும் அட்சரேகையில் விரலை வைத்து இழுத்ததுதான். விரல் கடலைத் தாண்டி நேராக அவன் ஊரில் போய் முட்டியது. ஒரே கோடு! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கற்பனைக் கோடுதான். தரையில் தேடினால் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரே கோட்டில் இருப்பவர்களுக்குப் பகலின் நீளம் ஒன்று, உச்சி வெயிலின் உயரம் ஒன்று. என் தலைக்கு மேலே எந்த இடத்தில் சூரியன் நிற்கிறதோ, கொஞ்ச நேரம் கழித்து அவன் தலைக்கு மேலேயும் அதே இடத்தில் நிற்கும். தனியாகக் கிடப்பவளுக்கு அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான்.

"அங்க எப்படிடா இருக்கு?"

"அதே வெக்கைதாம்மா. சட்டையைப் பிழிஞ்சா ஒரு குடம் தேறும்."

"இங்கேயும் அதேதான்" என்பேன். எதற்கோ பரிசு வாங்கியதுபோல ஒரு சந்தோஷம் வரும்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஊரோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினேன். மாடி அறைக்கு வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டேன். "தம்பிக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று பெயின்டர் கேட்டபோது எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கோபத்தில் அவரைத்தான் கடித்தேன். "வெள்ளையே அடிங்க, வேற கலர் உங்க டப்பாவில இருக்கா என்ன?"

நம் இரண்டு ரேகைகளுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நட்ட நடு உச்சிக்கு வரும். அன்று நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழலே விழாது. ஒரே கோட்டில் இருந்தால் ஒரே நாளில். இந்த வருஷம் அதை அவனோடு சேர்ந்து பார்க்க ஆசைப்பட்டேன். சின்ன வயதில் நான் சூரியன் என்று வாயெடுத்தாலே "ஆரம்பிச்சிட்டியா!" என்று ஓடிவிடுவான். அதனால் விஷயத்தைச் சொல்லவில்லை. பார்த்து அசரட்டும் என்று நினைத்தேன்.

"துரை, நாளைக்கு மத்தியானம் ஒரு பாட்டிலை வெயில்ல நிமிர்த்தி வை. நிழல் குறுகிக்கிட்டே வரும். இதுக்கு மேல குறுகாதுன்னு தெரிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"எதுக்கும்மா?"

"சொன்னதைச் செய்யேன்டா. குறுக்குக் கேள்வி எதுக்கு?"

"சரிம்மா" என்றான்.

மறுநாள் உச்சியில் நிலையத்து முற்றத்தில் என் பாட்டில் நிழலே இல்லாமல் நின்றது. எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க நிழலையும் காணோமே!" என்றார்.

"அதுவாவது லீவு எடுக்கட்டும், விடுங்க" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனார். நான் அங்கேயே நின்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன்.

அவன் படம் சாயங்காலம் வந்தது. ஒரு சிமெண்டுத் திண்டு, அதன்மேல் பாட்டில். பக்கத்தில் பாட்டில் அளவுக்கே நீட்டிப் படுத்திருந்தது நிழல்.

சோம்பேறி, கண்ட நேரத்தில் எடுத்திருக்கிறான் என்றுதான் முதலில் திட்டினேன். கீழே எழுதியிருந்தான்: "இதுதாம்மா இருக்கறதிலேயே சின்னது. முக்கால் மணி நேரம் நின்னு பார்த்துட்டேன்."

பாட்டில் உயரமும் நிழல் நீளமும் ஒன்று என்றால் சூரியன் பாதி வானத்தில் நிற்கிறது. உச்சியிலிருந்து நாற்பத்தைந்து பாகை சரிந்து. என் உச்சியில் அது நேராக நின்ற அதே நாளில். இதற்குக் காகிதமோ பென்சிலோ தேவையில்லை. அவன் என் கோட்டில் இல்லை. கடக ரேகையைத் தாண்டி, அதற்கும் மேலே, சூரியன் ஒருநாளும் தலைக்கு நேரே வராத ஏதோ ஓர் ஊரில் இருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அப்புறம் சட்டையைப் பிழிந்த குடம் ஞாபகம் வந்தது. கனத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போனில் அந்தத் துறைமுக ஊரின் வெயிலைப் பார்த்துப் பார்த்து எனக்கு வாசித்திருக்கிறான். ஆத்திரம் போய் அழுகை வந்துவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு நானே கூப்பிட்டேன்.

"ஸ்வெட்டர் வச்சிருக்கியாடா?"

"ரெண்டு இருக்கும்மா" என்றான்.

"எங்க இருக்கே?"

"வடக்கேம்மா. ரொம்ப வடக்கே. போன வருஷக் கடைசியிலேயே மாத்திட்டாங்க. ஒரே கோடு, ஒரே கோடுன்னு நீ பூரிச்சுப் போவியா... வாய் வரலை."

"பாட்டில் எதுக்குன்னு தெரியாம மாட்டிக்கிட்டே."

"தெரியும்மா. நிழல் விழாத நாள். அஞ்சாங் கிளாஸ்ல நீ என்னை மொட்டை மாடியில நிக்க வச்சுச் சொன்னியே. நெட்ல ஏதாவது படத்தை எடுத்து அனுப்பியிருக்கலாம். வாயால சொல்லத்தான் முடியலை. நீயே பார்த்துக்குவேன்னு..."

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எனக்குத்தான் தெரியவில்லை.

"மழைக்கு வர்றேன்னியே?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"இங்கேயே நிரந்தரமா இருக்கச் சொல்றாங்கம்மா. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

மாடியில் மெத்தை மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"கோவமாம்மா?"

"ஆமா" என்றேன். "இப்ப அங்க எவ்வளவு? நிஜத்தைச் சொல்லு."

"நாலு டிகிரி."

"சரி. காதை மூடிக்கிட்டுத் தூங்கு" என்று வைத்துவிட்டேன்.

இத்தனை வருஷம் அளந்ததில் எங்கள் கூண்டு வெப்பமானி பத்தொன்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. நாலு என்பது எனக்கு வெறும் எண். வீட்டில் நாலு டிகிரி இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பால் பாக்கெட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, முழங்கைவரை கையை உள்ளே நீட்டினேன். கரண்ட் வீணாகிறது என்று மோட்டார் உறுமியது. விரல் மரத்துப் போகும்வரை நான் கையை எடுக்கவில்லை.