தை மாசம் கெளம்பற படகு

மலை மேல பாய்மரப் படகு கட்டறவனைப் பைத்தியக்காரன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றதுங்க? எங்க மலையில நாலஞ்சு ஊர் சேர்ந்தா அதை நாடும்போம்; படகு கட்டின பெரக்கரை நாட்டுல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. நானுந்தான் சொன்னேன். ஆனா அந்தப் பைத்தியக்காரரோட பொண்டாட்டி பிரபாவதி என் சிநேகிதி ஆச்சே. செம்மேட்டுல ஒண்ணாப் படிச்ச காலத்துல எனக்குச் சொல்லாம அவ தலைகூட வாரமாட்டா. அதனால, "ரெண்டு நாள் படகுலயே வந்து தங்கு பானு"ன்னு போன் பண்ணப்ப, என்னை மட்டுந்தான் கூப்பிடறான்னு நெனச்சுட்டு, ஒரு சீப்பு மலைவாழையை எடுத்துக்கிட்டு குண்டூர் நாட்டுல இருந்து பஸ் ஏறினேன்.

படகு நின்னது வாசலூர்பட்டி போட் ஹவுஸ்ல இல்லீங்க. அவங்க தோட்டத்துக்குக் கீழ இருக்கிற அணைத் தண்ணியில. அவ ஊட்டுக்காரர் தரணிதரன் அண்ணன் கடல்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. கொட்டாய்ல தன் கையாலயே அந்தப் படகைச் செஞ்சு, கடலுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால இங்க மிதக்கவிட்டுப் பார்த்துட்டிருந்தாரு. அன்னிக்கு நங்கூரத்துக்கு வளையம் வெல்டிங் வைக்கணும்னு அதைத் தூக்கிக்கிட்டு நாமக்கல் போயிட்டாரு. நல்லதாப் போச்சு, நானும் பிரபாவும் வாய் வலிக்கப் பேசலாம்னு சந்தோஷமா எறங்கிப் போனேன்.

போனா, உள்ள அருணா உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டிருக்கா!

அருணாவும் எங்ககூடப் படிச்சவதான். செம்மேட்டுல டெய்லர் கடை வச்சிருக்கா. நல்லவதான், இல்லேங்கல. அந்த நல்லவ பிரபாவோட ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, "வா பானு, குனிஞ்சு வா, தலை இடிக்கும்"னு என்னை வரவேற்கறா. என்னமோ அவ ஊட்டுக்கு நான் விருந்தாளியா வந்த மாதிரி!

படகுக்குள்ள என்ன இருக்குங்கறீங்க? ரெண்டு பக்கமும் ஆள் படுக்கற பலகை. முன்னால கூம்பா போற இடத்துல ஒரு பொந்து. ஒத்தை அடுப்பு, தண்ணிக் கேன், சார்ஜ் போடற விளக்கு ஒண்ணு. கக்கூஸுன்னா ஒரு வாளி. எங்க மாட்டுக் கொட்டாய் இதுக்கு அரண்மனைங்க. ஆனா அருணா கண்ணை மூடிட்டு ஒவ்வொரு சாமானா எடுக்கறா. உப்பு எங்கன்னு நான் பிரபாவைக் கேட்டா, அருணா எடுத்து நீட்டறா. நான் அருணாவையே கேட்டுட்டேன்.

"எத்தனை தடவை வந்திருக்கே?"

"பாய் தைக்கறப்ப இருந்தே வந்துட்டுத்தானே இருக்கேன்."

படகுக்குப் பாய் தைச்சதே அவதானாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல.

சாயந்திரம் சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும். முட்டியோட முட்டி இடிக்க மூணு பேரும் உக்காந்து சாப்பிடறோம். அருணா பாட்டுக்குச் சொல்றா: "தை பொறந்ததும் படகை லாரியில தூத்துக்குடிக்கு ஏத்தறோம். அங்கிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கடல்லயே போறோம். அண்ணன், பிரபா, நான்."

பிரபா என் மூஞ்சியைப் பார்க்காம குழம்பு ஊத்தறா.

"மூணு பேருக்குத்தான் எடமா?"ன்னு கேட்டேன்.

"இல்லியே, அந்தப் பொந்துல இன்னொருத்தர் தாராளமாப் படுக்கலாம்"னா அருணா. பிரபா அவளை மொறைச்சா. அப்ப எடமில்லாம இல்ல, எனக்குத்தான் எடமில்ல!

அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்னா நெனைக்கறீங்க? கொறட்டை மட்டும் விட்டேன், அவளுக ரெண்டு பேரும் என்ன பேசிக்கறாளுகன்னு கேக்க. ஒண்ணும் பேசல. அதுவும் எரிச்சலாத்தான் இருந்துச்சு.

விடிஞ்சதும், பாய்ல ஒரு ஓரம் பிரிஞ்சிருக்குன்னு அருணா அதைக் கழட்டிக் கரைக்குக் கொண்டுபோனா. ரெண்டு துடுப்பையும் மண்ணுல நட்டு, அதுமேல பாயை விரிச்சா. அப்பறம் படகை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக் கட்டணும்னு மரத்துல இருந்த கயித்தை அவுத்தா. எல்லாம் இவளே செய்யணுமா? எனக்குப் பொறுக்கல. எறங்கிப் போனேன்.

"கொண்டா இங்க! நான் கட்டாத கயிறா?"ன்னு புடுங்கிக் கட்டிட்டு, திரும்ப ஏறி வந்து பிரபாகிட்ட டீ வாங்கினேன்.

நான் கட்டினது பூராவும் மிளகுக்கொடிங்க. சில்வர் ஓக் மரத்துல கொடியை ஏத்திக் கட்டறப்ப, விரல் நுழையற அளவு தளர்த்தி விடணும். கொடி பெருக்கப் பெருக்க முடிச்சு தானா நழுவி வழிவிடணும், இல்லேன்னா கொடி செத்துப்போகும். கைக்குப் பழகினது அந்த முடிச்சுதான். கோவத்துல இருக்கறப்ப கை நம்மளைக் கேட்டுட்டா செய்யுது? டீயில பாதிகூடக் குடிக்கல, காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு. முடிச்சு பாட்டுக்கு வழிவிட்டுருச்சு. "ஏய், ஏய்!"ன்னு அருணா கரையில குதிக்கறப்ப நாங்க நடுத் தண்ணியில இருக்கோம். பாய் இல்ல, துடுப்பு இல்ல, நங்கூரம் நாமக்கல்ல.

"வேணும்னே பண்ணினியா?"ன்னா பிரபா.

"ஆமா"ன்னேன். பொய்தான். ஆனா கரையில அவ, படகுல நானு! மனசு குளுந்து போச்சுங்க.

"இப்பச் சொல்லு, என்னை ஏன் கூப்பிடல? அவளுக்குத் தைக்கத் தெரியும், நான் ஒண்ணுந்தெரியாதவ, அதானே?"

"நீ வரமாட்டே."

"கேட்டுப் பார்த்தியா?"

"நாங்க சென்னையில குடியிருந்தப்ப ஒரு வாரம் இருக்கேன்னு வந்தே. மறுநாளே மாடு கன்னு போடும்னு பையைத் தூக்கினே. எனக்கு ஆப்பரேஷன்னு ஆஸ்பத்திரிக்கு வந்தே. என்னை உள்ள கொண்டுபோறதுக்குள்ள, களையெடுக்க ஆள் வருதுன்னு கெளம்பிட்டே. நான் கண்ணு முழிச்சப்ப பக்கத்துல அருணாதான் இருந்தா, பானு."

சுருக்குன்னுச்சு. ஆனா பொறாமைக்கு வெக்கம் ஏதுங்க? "அது அப்ப. இப்பக் கேளு"ன்னேன்.

அவ என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. "சரி, கேக்கறேன். அந்தப் பொந்து காலியாத்தான் இருக்கு. தை மாசம் எங்ககூட வாரியா சாமி?"

இதுக்குத்தானே ராத்திரி பூரா வெந்தேன்! வாரேன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்.

"தை மாசமா? மிளகு பறிப்பாச்சே புள்ள..."

பிரபா சிரிக்கலீங்க. சிரிச்சிருந்தா சண்டையாவது புடிச்சிருப்பேன். என் கையை மெதுவா விட்டுட்டு எந்திரிச்சா. படகு எதிர்க்கரைப் பக்கமா ஒதுங்கிட்டிருந்துச்சு. அருணா நின்ன கரையைப் பார்த்து, "அரு! துடுப்பை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கமாச் சுத்தி வா!"ன்னு கத்தினா.